ஜும்ஆவுக்கு முந்தைய அரைமணி நேரம்



கள்ளக்குறிச்சியில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைப் 12 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என் மேசைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலானவை ஒரே முறையீட்டுடன் வருகின்றன: "ஆன் ஆவுது பாய், ஆனா உள்ள போவ மாட்டேங்குது." பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரையில் சின்னம் தோன்றும், அதன் கீழே வெண்புள்ளிகள் வட்டமிடும். வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். சில கணினிகள் அந்த இடத்திலேயே உறைந்துவிடும். வேறு சில, நீலத்திரையை ஒரு கணம் காட்டிவிட்டு அணைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, மீண்டும் அதே இடத்தில் விழும்.

கொண்டுவருபவர்களின் முகத்தில் ஒரு மரணச் செய்தியைக் கேட்டவரின் கலக்கம் இருக்கும். உள்ளே மகளின் கல்லூரி விண்ணப்பம் இருக்கும். கடையின் கடன் கணக்கு இருக்கும். நிக்காஹ் படங்கள் இருக்கும். கணினியைத் திறக்கத் தெரியாத அவர்கள், திறக்கத் தெரிந்த என்னிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். நான் உள்ளே என்ன செய்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்வதுதான் அவர்களுக்கு உண்மை. அமானிதம் என்ற சொல்லின் பொருள் இந்தத் தொழிலில் எவ்வளவு கனமானது என்பதை நான் ஒரு தவறு செய்த பிறகே உணர்ந்தேன். அந்தத் தவற்றையும், அதிலிருந்து கற்ற வேலைமுறையையும் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் குடும்பங்களில் ஒரு வீட்டிலாவது ஒரு கோப்பு அழியாமல் தப்பினால் அல்ஹம்துலில்லாஹ்.

2016ஆம் ஆண்டு. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்றுதான். கடை திறந்து மூன்றாம் ஆண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். மலையாளிப் பழங்குடியினத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயரைக் கேட்டுக் கேரளம் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள்படும் பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழ். கடுக்காயும் தேனும் சாமையும் மலையிலிருந்து இறங்கிவருவது போலவே, மலைமக்களும் பல தேவைகளுக்குக் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி எங்கள் ஊருக்கு வருவது வழக்கம்.

அவர் கையில் இருந்தது அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அத்திட்டம், கணினியைத் தொட்டே பார்த்திராத வீடுகளுக்குள் மடிக்கணினியைக் கொண்டுசேர்த்தது. மலையூர்களுக்கும் அப்படித்தான் வந்தது. அந்தத் தம்பி கல்லூரி முடித்துவிட்டுத் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்துவந்தார். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு பிள்ளையின் கால் பட்டுச் சார்ஜர் கம்பி பிடுங்கிக்கொண்டது. தளர்ந்துபோன பேட்டரி தாங்கவில்லை. கணினி பாதியில் அணைந்தது. அதன்பின் சின்னத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அவர் வந்தபோது மணி பன்னிரண்டு. "மூணு மணி பஸ்ஸுக்குப் போவணும் பாய், அதுக்குள்ள முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். ஜும்ஆவுக்குக் கடையை அடைக்க அரைமணி நேரமே இருந்தது. அந்த அவசரத்தில் எனக்குத் தெரிந்த குறுக்குவழி ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவது. நோயைக் கண்டறிய வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை. வட்டைப் போட்டு, நான்கைந்து முறை பொத்தானைத் தட்டிவிட்டால், தொழுதுவிட்டு வருவதற்குள் அதுவாகவே முடிந்திருக்கும். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். உள்ளே ஏதேனும் முக்கியமாக இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. ஃபார்மட் பொத்தானைத் தட்டிவிட்டு, நிறுவும் வேலையைத் தொடங்கிவிட்டு, உளூச் செய்து பள்ளிவாசலுக்குப் போனேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. மனம் நிறைவாக இருந்தது.

தொழுகை முடிந்து வந்தபோது கணினி பளிச்சென்று திறந்திருந்தது. தம்பியும் வந்தார். முகம் மலர்ந்தது. பிறகு எதையோ தேடினார். ஒவ்வொரு டிரைவாகத் திறந்து பார்த்தார். எல்லாம் வெறுமையாக இருந்தன. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆயா பேசுனது இருந்துச்சு பாய். போன்ல புடிச்சு இதுல ஏத்தி வெச்சிருந்தேன்."

அவருடைய பாட்டி பச்சிலை மருத்துவம் அறிந்தவர். எந்த இலை எந்தப் பாறையோரம் முளைக்கும், எதை எந்த மாதத்தில் பறிக்க வேண்டும், பாம்பு தீண்டினால் ஊரில் முன்பு என்ன செய்தார்கள், தம் திருமணம் எப்படி நடந்தது என்று அவர் பேசியவற்றையெல்லாம் பேரன் பதிவு செய்திருக்கிறார். மொத்தம் 17 பதிவுகள். பாட்டி இறந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கைபேசியும் பழுதாகி மாற்றியாகிவிட்டது. அந்தக் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் நான் துடைத்துப்போட்ட வட்டுதான்.

நான் வாயடைத்து நின்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்க மேல தப்பில்ல பாய். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். சட்டைப்பையிலிருந்து 350 ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை நான் வாங்கினேன். இன்று இதை எழுதும்போதும் என் கை கூசுகிற இடம் அதுதான்.

அன்று இரவு இன்னொன்றும் உறைத்தது. அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ், மற்றொன்று இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். தொடங்கும்போதே எதனுள் நுழைய வேண்டும் என்று கணினி கேட்கும். விண்டோஸ்தான் உடைந்திருந்தது. மற்றக் கதவு பூட்டியிருக்க ஒரு காரணமும் இல்லை. அதன் வழியாக நுழைந்து, ஒரு பென் டிரைவைச் சொருகி, அந்த 17 பதிவுகளையும் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்திருக்கலாம். விண்டோஸின் பிழையும் ஒருவேளை அதற்குள்ளேயே இருக்கும் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' வசதியால் சரியாகியிருக்கும். நான் ஒரு கதவையும் தட்டிப் பார்க்காமல் வீட்டையே இடித்திருந்தேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் பள்ளி ஹஜ்ரத்திடம் சொன்னேன். "நேரத்தோடு தொழ வேண்டும் என்றுதானே அவசரப்பட்டேன், ஹஜ்ரத்?" என்று என்னை நானே காத்துக்கொள்ளும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஜும்ஆ அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனம் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறது. அரைகுறையாக முடித்துவிட்டு வரச் சொல்லவில்லை என்றார். கணினியை மூடி வைத்துவிட்டு வந்திருந்தால் உன் தொழுகையும் குறைந்திருக்காது, அவருடைய பொருளும் அழிந்திருக்காது என்றார்.

தொடர்ந்து அவர் நினைவூட்டியது நாம் அனைவரும் பயான்களில் கேட்டதுதான். நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் திவாலானவர் யார் என்று வினவினார்கள். பணமும் பொருளும் இல்லாதவர் என்று தோழர்கள் கூறினார்கள். தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமையில் வந்து, பிறருக்குச் செய்த அநீதிகளுக்காக அந்த நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரே திவாலானவர் என்று நபியவர்கள் விளக்கினார்கள். "அல்லாஹ்வின் கடமையில் தவறினால் அல்லாஹ்விடம் அழு. அடியானின் உரிமையில் தவறினால் அந்த அடியானிடம் போ" என்றார் ஹஜ்ரத். அவர் முஸ்லிம் அல்லர் என்பதால் இது ஒரு துளியும் குறையாது என்பதையும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி, மலைப்பாதையில் ஏறும்வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே சென்றேன். ஊரைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. 350 ரூபாயை அவர் கையில் வைத்து, "தம்பி, தப்பு என் மேலதான். கேட்டிருக்கணும், கேக்கல. மன்னிச்சுடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் அம்மா திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். சாமைச் சோறு போட்டார். அந்த வீட்டின் பிள்ளையிடம் நான் எதை அழித்தேனோ, அது அந்த அம்மாவின் தாயாருடைய குரல் என்பதைச் சோற்றில் கை வைத்த பிறகே எண்ணிப் பார்த்தேன்.

அதன்பின் ஒரு வாய்ப்பு மீதம் இருக்கிறது என்பதை விளக்கினேன். விரைவு ஃபார்மட் என்பது நூலகத்தின் அட்டவணையைக் கிழித்துப் போடுவதைப் போன்றது. நூல்கள் அலமாரியிலேயே இருக்கும், எது எங்கே என்பதுதான் தெரியாது. ஆனால் புதிய நூல்களைக் கொண்டுவந்து அடுக்க அடுக்கப் பழையவை ஒவ்வொன்றாக இடம் இழக்கும். ஆகவே அழிந்த கோப்பு வேண்டுமென்றால் முதல் விதி, அந்தக் கணினியை உடனே அணைத்துவிட்டு மேற்கொண்டு தொடாமல் இருப்பது. தம்பி அதை அன்று முதல் திறக்கவே இல்லை என்றார். திறக்க மனம் வரவில்லை என்பதுதான் காரணம்.

மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்தேன். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, கிடைப்பவற்றை மற்றொரு வட்டில் சேமித்தேன். இரண்டு இரவுகள் ஆயின. நான் ஏற்றிய புதிய விண்டோஸ், தான் அமர்ந்த இடத்தில் இருந்தவற்றை விழுங்கிவிட்டிருந்தது. 17 பதிவுகளில் 6 மட்டும் மீண்டன. அவையும் பெயரிழந்து, எண்களாக வந்தன. தம்பியை அழைத்துக் கேட்கச் செய்தேன். கடையின் சிறிய ஸ்பீக்கரில் ஒரு மூதாட்டியின் குரல் கடுக்காய் உலர்த்தும் விதத்தைச் சொல்லத் தொடங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். "கல்யாணக் கதை இல்ல பாய்" என்றார் கடைசியில். பிறகு, "பரவால்ல. நீங்க மேல ஏறி வந்தீங்களே, அதுவே போதும்" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். இழந்த பதினொன்று திரும்பவில்லை. இரண்டும் உண்மை.

அந்த வாரத்திலிருந்து என் வேலைமுறையை மாற்றிக்கொண்டேன். அதைக் குடும்பங்கள் வீட்டிலேயே ஓரளவு பின்பற்ற முடியும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரல் முதலில் எழுந்து, ரேம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, வட்டு இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் வட்டில் உள்ள தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். அது விண்டோஸின் மையப் பகுதியையும், ஒவ்வொரு கருவியையும் இயக்கும் டிரைவர்களையும் ஏற்றும். அதன்பின்தான் கடவுச்சொல் கேட்கும் திரை வரும். அதற்கும் பின், தாமாகவே தொடங்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக எழும். ஆகவே கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பதே பாதி விடை. எங்கே நின்றது என்பதை நினைவில் வையுங்கள். திரையில் எழுத்து ஏதேனும் வந்தால் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

திரை கருமையாகவே இருந்து, சின்னமே வரவில்லை, அல்லது 'பீப்' ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் பிழை பெரும்பாலும் விண்டோஸில் இல்லை. முதலில், சொருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர் முதலியவற்றை நீக்குங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்க முயன்று திகைத்து நிற்கும் கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மின்னிணைப்பைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். மேசைக்கணினி என்றால் மூடியைத் திறந்து ரேம் பட்டையை மெதுவாகக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் அழுத்திச் சொருகினால் போதும். பல கணினிகள் அத்துடன் எழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்னும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும் மலிவான பொருள் அது.

சின்னம் வந்து, புள்ளிகள் சுற்றும்போது உறைந்தால் ஐயம் வட்டின் மேலும் விண்டோஸின் மேலும் திரும்புகிறது. இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சீரான ஒலி எழுந்தால் அது உயிர் விடும் ஒலி. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் மிச்சமிருக்கும் கோப்புகளைப் பறிக்கும். ஒலி ஏதும் இல்லையென்றால், விண்டோஸ் 10, 11 கணினிகள் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டவுடன் தாமாகவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' உண்டு. அண்மையில் வந்த புதுப்பிப்பை மட்டும் நீக்கும் வசதி உண்டு. 'சேஃப் மோடு' உண்டு. சேஃப் மோடு என்பது இன்றியமையாத டிரைவர்களை மட்டும் கொண்டு எழுவது. அதில் கணினி நன்றாக எழுகிறது என்றால், பிழை நாம் பின்னர் சேர்த்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. கடைசியாக எதை நிறுவினோம் என்று எண்ணிப் பார்த்து அதை நீக்கினால் போதும்.

இவை எவையும் பயன்படாவிட்டாலும் கோப்புகள் அழிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பி, உள்ளே இருப்பவற்றை வேறொரு வட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதன்பிறகே, உரிமையாளரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்பே, ஃபார்மட். நான் முதற்படியாகச் செய்தது உண்மையில் கடைசிப் படி.

இந்த வரிசையின் அருமையை உலகமே ஒரு நாள் கண்டது. 2024 ஜூலை 19. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறிய புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதிலிருந்த பிழையால் அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. எழ முயன்று மீண்டும் விழுந்தன. 78 நிமிடங்களில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று பகல் பதினொன்றரை மணியளவில், வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனத்துக்குப் பணியாற்றும் ஒரு சகோதரர் நீலத்திரையோடு ஓடிவந்தார். "மாலைக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும், ஃபார்மட் போட்டுவிடுங்கள் பாய்" என்றார். நேரமும் அதே நேரம். கிழமையும் அதே கிழமை. என் கை பின்னுக்குப் போயிற்று. "கணினி நிறுவனத்துடையது, அவர்களைக் கேட்காமல் தொட மாட்டேன். ஜும்ஆ முடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் நீங்கள் அவர்களிடம் பேசுங்கள்" என்று சொல்லி, கணினியை அணைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது விடை வந்திருந்தது. சேஃப் மோடில் நுழைந்து, டிரைவர் கோப்புறையில் குறிப்பிட்ட எண்ணோடு தொடங்கும் ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். வட்டு பூட்டப்பட்டிருந்ததால், 48 இலக்கங்கள் கொண்ட திறவெண்ணை நிறுவனம் தொலைபேசியில் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கணினி எழுந்தது. அவருடைய வேலையில் ஒரு வரி கூட அழியவில்லை. உலகை நிறுத்திய பழுதுக்கு மருந்து ஒரு கோப்பை நீக்குவதாக இருந்தது. பழுதின் பரப்பைக் கண்டு மிரண்டு எல்லாவற்றையும் துடைத்தவர்கள்தாம் இழந்திருப்பார்கள்.

இப்போது என் கடையில் ஒரு பேரேடு இருக்கிறது. கணினியை வாங்கி வைக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு விடையை எழுதிக்கொள்கிறேன்: உள்ளே அழியக்கூடாதது என்ன? அதற்கு வேறு நகல் இருக்கிறதா? நான் உள்ளே எதைத் திறந்து பார்க்கலாம், எதைத் திறக்கக் கூடாது? மூன்றாம் கேள்வி நம் பெண்களின் படங்கள் உள்ள கணினிகளுக்காகச் சேர்த்தது. பழுது என்னவென்று கண்டால் கண்டதைச் சொல்கிறேன். ரேமைத் துடைத்ததில் சரியாகிவிட்டால் துடைத்தேன் என்றே சொல்கிறேன். மதர்போர்டு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் கேட்பவர் இல்லை, ஆனால் பார்ப்பவன் இருக்கிறான். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் இடப்பட்ட கட்டளைக்குள் ஒரு மடிக்கணினியும் அடங்கும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. நகல் எடுத்து வைப்பதுதான் இக்காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது. இன்றே ஒரு பென் டிரைவோ வெளி வட்டோ எடுத்து, குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் கடன் கணக்கையும் பிரதி எடுத்துப் பீரோவில் வையுங்கள். உங்கள் நன்னாவின், நன்னியின் குரல் எவருடைய கைபேசியிலாவது இருக்குமானால், அதை இரண்டு இடங்களில் வையுங்கள்.

அந்தத் தம்பியோடு தொடர்பு இன்றும் இருக்கிறது. அவர் ஊரில் பிள்ளைகள் பயன்படுத்தும் மடிக்கணினிகளைப் பார்க்க ஆண்டுக்கு ஓரிரு முறை மேலே போவேன். திறப்பது, துடைப்பது, சோதிப்பது எல்லாவற்றையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை ஒருவனின் கணினி சின்னத்தில் நின்றுவிட்டதாம். பதற்றத்தோடு உதவி கேட்கப் போகிறார் என்று எண்ணினேன். "சரி பண்ணிட்டேன் பாய், ரேம்தான். ஆனா மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடி அவங்கிட்ட கேட்டுட்டேன், உள்ள என்னடா வெச்சிருக்கன்னு" என்றார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றில் பேணுதலோடு நடக்கவும், நாம் பறித்த உரிமைகளை இவ்வுலகிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்லவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.